மெஷின் சத்தம் நின்ற மத்தியானம்

"கொஞ்ச நேரத்துக்கு இந்தத் தெருவுல சின்னச் சத்தம்கூட இருக்கக் கூடாதுங்க" என்றார் தீயணைப்பு அதிகாரி.

அவர் சொன்னது எங்களில் பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை. பக்கத்தில் நின்ற என் மகன் குமாரசாமி, "என்னம்மா சொல்றாரு?" என்று என் காதில் கத்தினான். நானும் அவன் காதில் கத்தித்தான் சொன்னேன். "சத்தம் போடக் கூடாதாமா."

எதிரே, காலையில் மூன்று மாடியாக நின்ற பனியன் கம்பெனி, கல்லும் கம்பியுமாகக் குவிந்து கிடந்தது. அதற்கடியில் என் பக்கத்து அறைப் புஷ்பம் இருந்தாள். உயிரோடு இருக்கிறாளா என்பதுதான் தெரியவில்லை.

போன வாரம் எழுதும்போது கிணறு தூர் எடுத்த கதையில் நிறுத்தியிருந்தேன். அது அங்கேயே கிடக்கட்டும். இப்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை தகரத்தில் விழுந்தாலே எனக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்துவிடுகிறது. அதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத ஓடவில்லை. எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். மெதுவாகத்தான் வரும்.

சத்தத்துக்குள் குடியிருப்பு

எங்கள் தெரு திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம். நான் வாக்கப்பட்டு வந்தபோது இது மானாவாரிக் காடு. அந்தக் காட்டில் உச்சி வெயிலில் களை பறித்தவள் நான். அதனால் நிழலில் நின்று சம்பாதிக்கிற பிழைப்பை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். காட்டை விற்றோம், ஷெட் போட்டோம், மெஷின் இறக்கினோம். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆனால் சத்தம் வந்தது. நிட்டிங் மெஷின் இருக்கிறதே, அது வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே நூல் போகும், கீழே துணி இறங்கும். நடுவில் நிறுத்தினால் துணியின் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். துவைத்தாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. அந்தக் கோட்டுக்குப் பயந்தே யாரும் மெஷினை நிறுத்த மாட்டார்கள்.

கரண்ட் போனால் மற்ற ஊரில் மெழுகுவத்தி தேடுவார்கள். எங்கள் தெருவில் ஜெனரேட்டருக்கு ஓடுவார்கள். பாதிச் சோற்றில் இருந்தாலும் கால் தானாக ஓடும். சில இடத்தில் ஆளே வேண்டாம், அதுவாகவே எடுத்துக்கொள்ளும்.

இந்தச் சத்தத்தில் இருந்து இருந்து, எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால், சண்டை என்று நினைத்து ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சுவரைத் தட்டுகிறவள்

புஷ்பம் என் வீட்டுப் பக்கத்து அறையில் குடியிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிச் சர்ச்சுக்குப் போவாள், மற்ற நாளில் எதிர்க் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை விரித்துப் பார்த்து, பிசிறை வெட்டி, குறை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவாள். புருஷன் இல்லை. மகள் ஊரில் தாய்மாமன் வீட்டில் இருந்து படித்தாள். திருப்பூரில் அவளுக்கென்று யாரும் இல்லை.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர். சாயங்காலம் நான் டி.வி. போட்டால் அந்தப் பக்கத்தில் இருந்து தட்டுவாள். டொக்டொக். கொஞ்சம் விட்டு, டொக். சத்தத்தைக் குறைக்க வேண்டுமாம்.

எனக்கு வருகிற கோபத்துக்கு அளவிருக்காது. வெளியே போய்க் கேட்பேன்.

"குடியிருக்க வந்தவ எனக்குச் சட்டம் சொல்றியா? மெஷின் சத்தத்துல தூங்கறவளுக்கு டி.வி. சத்தம் மட்டும் ஆகலியாக்கும்?"

"மெஷின் அழாது பெரியம்மா. ஒங்க நாடகத்துல ஒருத்தி ராத்திரிபூரா அழுதா. எனக்குப் பக்குன்னு இருக்கு."

"பிடிக்கலீன்னா வேற ஊடு பாத்துக்க கண்ணு."

"பாத்தாச்சி. அங்கன உள்ள வீட்டுக்காரம்மா ஒங்களவிட மோசமா இருக்காவ."

வாய் மட்டும் அப்படி. காய்ச்சல் என்று நான் படுத்தால் கஞ்சி அவள் அறையில் இருந்துதான் வரும். அதைக் குடித்துவிட்டு, உப்பில்லை என்று சொல்லி அனுப்புவேன்.

டீ நேரம்

அந்த வருஷம் நாள் கணக்கில் விடாமல் மழை. ஆற்றோரத்து வீடுகளில் தண்ணீர் புகுந்து, தீயணைப்புக்காரர்கள் ஆட்களைத் தோளில் தூக்கிக் கரை சேர்ப்பதாக டி.வி.யில் காட்டினார்கள். நாங்கள் மேட்டில் இருக்கிறோம், நமக்கென்ன என்று இருந்தோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற முதல் டீ நேரம். கம்பெனி ஆட்கள் முக்கால்வாசிப் பேர் முக்குப் பேக்கரியில் நின்றார்கள். லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். யாரோ ஜல்லி இறக்குகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் எதிர்ப்பக்கத்தில் வானம் தெரிந்தது. அத்தனை மழையிலும் புழுதி எழும்பி நின்றது.

உள்ளே மாட்டிய சிலரை ஓரத்தில் இருந்தே இழுத்துவிட்டார்கள். கை காலில் பட்ட அடியோடு தப்பினார்கள். மற்றவர்கள் பேக்கரி வாசலில் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்து அழுதார்கள். செக்கிங் டேபிளில் புஷ்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்தான் சொன்னாள். "அக்காவுக்கு இடுப்பு வலி. டீ வேண்டாம், துணி மேல சித்த சாயறேன்னு கீழ்த் தளத்துலயே படுத்துட்டாங்க."

குமாரசாமி ஓடினான். தெருவே ஓடியது.

அதற்கு முன்னால் ஒரு தீ

இங்கே இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு வேஸ்ட் குடோன் எரிந்தது. வெட்டித் தள்ளிய துணியை மூட்டை கட்டி அடுக்கியிருந்த இடம்.

அன்றைக்கும் எல்லோரும் வந்தார்கள். தண்ணீர் லாரிக்காரர்கள் தாங்களாகவே வந்து வழியெல்லாம் நிறுத்தினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வண்டியை அதற்குப் பின்னால் நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் முக்கிலேயே கூவிக்கொண்டு நின்றது. தீயணைப்பு வண்டிக்கு வழி கேட்டுப் போலீஸ் கத்தினார்கள், போலீஸைப் பார்த்து லாரிக்காரர்கள் கத்தினார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். எல்லோரும் உதவி செய்யத்தான் வந்தார்கள். மூட்டை முழுவதும் எரிந்து முடிந்த பிறகுதான் தீ நின்றது.

அதைப் பார்த்தவள் நான். புஷ்பத்துக்கும் இப்படித்தான் ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

கயிறு கட்டிய மனுஷர்

அப்படி ஆகவில்லை.

தீயணைப்பு வண்டி முதலில் வந்தது. அந்த அதிகாரி இறங்கியதும் இடிந்த இடத்துக்கு ஓடவில்லை. அது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. என்ன மனுஷர், நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று இருந்தது. அவர் சுற்றி நடந்து பார்த்தார், பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தார், அப்புறம் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். மேலே ஏறி நின்று கல்லை உருட்டிக்கொண்டிருந்த குமாரசாமியையும் மற்றவர்களையும் இறக்கிவிட்டார்.

"அம்மா, நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் ஒரு தீயணைப்புப் பையன்.

"நான் தள்ளி நின்னா அவள ஆரு எடுக்கறது?"

"நாங்க எடுக்கறமுங்க. மேல ஆள் ஏறுனா பாரம் கீழ இருக்கறவங்க மேல இறங்கும்."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

யாரோ பொக்லைன் வண்டியைக் கூட்டி வந்திருந்தார்கள். அதிகாரி அதையும் ஓரமாக நிற்கச் சொன்னார். "இருங்க, உங்களுக்கு வேலை இருக்கு. இப்ப இல்ல."

அதற்குள் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஒல்லியான அம்மா. முக்கில் இருந்து ஆஸ்பத்திரி ரோடு வரைக்கும் ஒரு பக்கத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எங்கள் பக்கமே வந்தார். கரண்ட் ஆபீஸ் ஃபோர்மேன் வந்து இடிந்த கட்டடத்தின் லைனைப் பிடுங்கினார். ஆம்புலன்ஸ் வந்து, வந்த வேகத்திலேயே திரும்பி, போகிற திசையைப் பார்த்து நின்றது. இடிபாட்டுக்குள் கேட்கிற கருவியோடு வெளியில் இருந்து ஒரு மீட்புக் குழுவும் வந்தது. ஆற்றோரத்து வீடுகளில் இருந்து நேராக வந்திருப்பார்கள் போல, உடுப்பெல்லாம் சேறு, கண் சிவந்திருந்தது.

நான் கவனித்த ஒன்று. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஆம்புலன்ஸின் முன்பக்கத்தில் வந்து நிற்பார்கள். அதிகாரி, இன்ஸ்பெக்டரம்மா, ஃபோர்மேன், ஆம்புலன்ஸ் நர்ஸ் பையன், மீட்புக் குழுத் தலைவர். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்பார்கள். ஆளுக்கு ஒரு வாக்கியம். அப்புறம் கலைந்து அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். கல்யாணப் பந்தியில்கூட நான் அப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

அப்படி ஒருமுறை நின்று பேசிய பிறகுதான் அதிகாரி அந்த வார்த்தையைச் சொன்னார். சத்தம் இருக்கக் கூடாது. அடியில் இருப்பவள் மூச்சு விடுகிறாளா, முனகுகிறாளா என்று கருவியை வைத்துக் கேட்க வேண்டும். எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் எந்தக் கல்லையும் எடுக்க முடியாது.

ஃபோர்மேன் கரண்டை நிறுத்தினார்

"அதுக்கென்னங்க, தெருவுக்கே கரண்ட நிறுத்திட்டாப் போச்சு" என்றார் ஃபோர்மேன். ஃபோனில் சொன்னார். நிறுத்திவிட்டார்கள்.

தெரு முழுக்க மெஷின் சத்தம் அடங்கி இறங்கியது. மீட்புக் குழுக்காரர் காதில் கருவியை மாட்டிக் குனிந்தார். அதிகாரி கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான். முதலில் ஒரு ஜெனரேட்டர் எடுத்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு தெருவில் இருந்த எல்லாம். அதுவாக எடுக்கிறது எடுத்தது, ஆள் போய் எடுக்கிறதற்கு ஆள் ஓடினான். எங்கள் ஷெட்டில் வேலை செய்கிற ஒடிசாக்காரன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று புஷ்பத்துக்காக அழுதுகொண்டிருந்தவன். அவனே ஓடிப்போய் எடுத்துவிட்டான். பழக்கம்.

முன்பைவிட இரண்டு மடங்கு சத்தம். கருவி மாட்டியிருந்தவர் காதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

குமாரசாமி தலையில் அடித்துக்கொண்டான். ஃபோர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. தீயணைப்பு அதிகாரி கோபப்படுவார் என்று பார்த்தால், ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பு என்னோடதுங்க. ஊரைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்" என்றார். மறுபடியும் ஆம்புலன்ஸின் முன்னால் போய் நின்றார்கள்.

அப்புறம் நடந்ததுதான் நான் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது.

எந்த ஷெட்டில் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்பது ஃபோர்மேனுக்கும் அவருடைய லைன்மேன்களுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சொன்னால் கம்பெனிக்காரன் கேட்பானா? அதனால் ஒவ்வொரு லைன்மேனோடும் ஒரு போலீஸை அனுப்பினார் இன்ஸ்பெக்டரம்மா. உள்ளே வேலை செய்கிற வடக்கத்திப் பையன்களுக்குத் தமிழ் புரிய வேண்டுமே? ஆம்புலன்ஸ் டிரைவர் முன்பு வடக்கே லாரி ஓட்டியவர். போலீஸ் ஜீப்பில் ஏறி மைக்கைப் பிடித்து இந்தியில் சொன்னார். போலீஸ் மைக்கில் ஆம்புலன்ஸ்காரர் பேசுகிறார், கரண்ட்காரருக்குப் போலீஸ் துணைக்குப் போகிறது, எல்லாம் தீயணைப்பு அதிகாரி தூக்குகிற ஒரு கைக்காக. உன் வேலை, என் வேலை என்று ஒருவர் முகத்திலும் நான் பார்க்கவில்லை.

சாயப்பட்டறைக்காரர் ஒருவர் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "இப்பத்தானுங்க துணிய உள்ள போட்டேன். பாதியில நிறுத்துனா கலர் திட்டுத்திட்டாப் போயிருமுங்க."

"துணி போனா வேற துணி போட்டுக்கலாமுங்கண்ணா" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. குரலை உயர்த்தவே இல்லை.

சாயப்பட்டறைக்காரர் அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு தானே போய் நிறுத்திவிட்டு வந்து, எங்களோடு நின்றார்.

தகரத்தின் மேல் பனியன் துணி

ஒவ்வொன்றாக நின்றது. கடைசி ஜெனரேட்டர் இருமி இருமி அடங்கியது. ஆனாலும் கருவி மாட்டியவர் தலையை ஆட்டினார். மழைத் தூறல் எங்கள் ஷெட் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. தட தட தட. அதுவரை அப்படி ஒரு சத்தம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அதிகாரி தகரத்தைப் பார்த்தார், பிறகு ஷெட்டுக்குள் அடுக்கியிருந்த துணி உருளைகளைப் பார்த்தார். குமாரசாமியைப் பார்த்தார். அவர் வாய் திறந்து கேட்கும்வரை அவன் காத்திருக்கவில்லை.

தீயணைப்புப் பையன்கள் ஏணி வைத்து ஏறினார்கள். குமாரசாமியும் ஒடிசாக்காரனும் கீழே இருந்து உருளையைத் தூக்கிக் கொடுக்க, கப்பலுக்குப் போக வேண்டிய துணியைத் தகரத்தின் மேல் மடிப்பு மடிப்பாக விரித்தார்கள். தூறல் துணியில் விழுந்து செத்தது.

செல்போனை எல்லாம் அணைத்தாயிற்று. அதிகாரி மறுபடியும் கையைத் தூக்கினார்.

எத்தனை வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். பக்கத்தில் நின்ற சாயப்பட்டறைக்காரரின் மூச்சு எனக்குக் கேட்டது. எங்கேயோ ஒரு குழந்தை விக்கியது கேட்டது. கத்திப் பேசியே பழகிய ஜனம், அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

கருவி மாட்டியவர் இடம் மாற்றி வைத்தார். இன்னொரு இடம். இன்னொன்று. அப்புறம் அப்படியே அசையாமல் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, என்ன என்று கண்ணால் கேட்டார். காதில் கேட்டதைக் கருவிக்காரர் பக்கத்துக் கல்லில் விரலால் தட்டிக் காட்டினார்.

டொக்டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டரம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். நான் அவர் காதில் சொன்னேன், என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் பேசியதில்லை. "அது என்ற ஊட்டுச் செவுத்தத் தட்டறவளுங்க. டி.வி.யக் கொறைக்கச் சொல்லுவாளுங்க."

"பேர் என்னங்கம்மா?"

"புஷ்பமுங்க."

பேர் அவர் வாயில் இருந்து அதிகாரிக்கும், அதிகாரியிடம் இருந்து, கல் இடுக்கில் குழாய் விட்டு உள்ளே பேசியவருக்கும் போனது. "புஷ்பம். கேக்குதாம்மா? வந்துட்டோம்."

பெட்டிகள் கைமாறின

அதற்குப் பிறகு எங்களுக்கும் வேலை கொடுத்தார் அதிகாரி. மீட்புக் குழு ஓட்டை போட்டு உள்ளே போனது. எடுக்கிற கல்லை எங்கள் தெருவில் வெட்டிய பீஸ் போடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தோம். தெற்கத்திக்காரன், ஒடிசாக்காரன், என் மகன், போலீஸ், சாயப்பட்டறைக்காரர், எல்லோரும் ஒரே வரிசை. பனியன் கம்பெனி வேலை தெரிந்த ஊர் அல்லவா, பெட்டி ஓரிடத்தில்கூடத் தேங்கவில்லை. ஓரமாகக் காத்திருந்த பொக்லைன்காரரை, சாய்கிற மாதிரி இருந்த பக்கத்துச் சுவருக்கு வண்டியின் கையை முட்டுக் கொடுத்து நிற்கச் சொன்னார்கள். அவர் ஆடாமல் அசையாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் பையன் மீசை முளைக்காத பிள்ளை. ஓட்டைக்குள் தலைகீழாக இறங்கி, அவள் கையைத் தேடிப் பிடித்து ஊசி போட்டு வந்தான். வந்து என்னிடம் சொன்னான். "பேசறாங்க பாட்டி. என் கை சில்லுனு இருக்குன்னு திட்டறாங்க."

பாட்டி என்று யாராவது சொன்னால் எனக்கு ஆகாது. அன்றைக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளை வெளியே எடுத்தார்கள். முகமெல்லாம் சுண்ணாம்பு. ஒரு கால் துணியில் சுற்றியிருந்தது. கையில் பிசிறு வெட்டுகிற டிரிம்மர், சின்னக் கத்தரி மாதிரி இருக்குமே, அது இருந்தது. அதை வைத்துத்தான் பக்கத்தில் கிடந்த தண்ணீர்க் குழாயில் தட்டியிருக்கிறாள். விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

யாரும் கை தட்டவில்லை. அதிகாரி இன்னும் கையை இறக்கவில்லை என்று நினைத்தோமோ என்னவோ.

"கூட யார் வர்றீங்க? சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?" என்று நர்ஸ் பையன் கேட்டான். ஆம்புலன்ஸ் படி உயரம். குமாரசாமி தூக்கிவிட்டான், ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுகப் போலீஸ் நின்றது. ஓரிடத்தில்கூட நிற்காமல் போனோம்.

அவள் சொன்னது

காலுக்குப் பிளேட் வைத்தார்கள். கண் விழித்து அவள் பேசுகிற அளவுக்கு ஆனபோது கேட்டேன். "அத்தனை நேரம் ஏண்டி தட்டல? நாங்க மேல நின்னு உசுரு போய் உசுரு வந்துச்சு."

"எதுக்குத் தட்டணும்? மெஷின் ஓடுது, ஜெனரேட்டர் ஓடுது. எல்லாரும் இருக்காவ, எப்பிடியும் வந்துருவாவன்னு கெடந்தேன். பெறவு ஒவ்வொண்ணா நின்னு போச்சி பெரியம்மா. ஒரு சத்தமில்ல. எல்லாரும் என்னைய விட்டுட்டுப் போயிட்டாவன்னு நெனச்சிட்டேன். அதுலதான் பயம் வந்து தட்டுனேன்."

அவளுடைய சத்தத்தைக் கேட்கத்தான் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவளுக்கு அது ஊரே கைவிட்ட மாதிரி இருந்திருக்கிறது.

தகரத்தில் விரித்த துணியைத் துவைத்துப் பார்த்தோம், தகரத் துரு போகவில்லை. மெஷினில் அன்று ஓடிக்கொண்டிருந்த துணியில் கோடு விழுந்தது. குமாரசாமி அதை வெட்டி எறியவில்லை. கோட்டோடு சேர்த்துப் போர்வையாக மூட்டி அவளுக்குக் கொடுத்தான். செக்கிங்காரி அல்லவா, முதலில் அந்தக் கோட்டைத்தான் கண்டுபிடித்தாள்.

இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். வேறு கம்பெனியில் செக்கிங். அதே அறை, அதே சுவர். என் டி.வி.க்கு இன்னமும் தட்டுகிறாள், நானும் இன்னமும் திட்டுகிறேன்.

கரண்ட் போகிறபோது மட்டும் வேறு. மெஷின் எல்லாம் அடங்கி, ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி வருமே, அந்த நேரத்தில் சுவரில் கேட்கும். டொக்டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போய், பதிலுக்குத் தட்டுவேன். அப்புறம்தான் ஜெனரேட்டர் எடுக்கும்.